போன் வந்தால் காய்ச்சல்

எட்டயபுரம்
21.6.2020

அன்புள்ள செல்வராணிக்கு, மதினி சீனித்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் துர்காவும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

கையில் போன் இருக்கும்போது மதினி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. நீ துர்காவை இங்கே விட்டுப் போய் இருபது நாள் ஆகிறது. இந்த இருபது நாளில் நாலு தடவை போன் செய்தாய். நாலு தடவையும் அன்றைக்குச் சாயந்தரமே பிள்ளைக்கு மேல் சுடுகிறது. வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துவிட்டால் சோறு வேண்டாம் என்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நூற்றியொன்று. இந்த நாளில் காய்ச்சல் என்று வெளியே சொல்ல முடியுமா? தெருவை மறித்துத் தகரம் அடித்துவிடுவார்கள். உன் அண்ணன் பலசரக்குக் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அதனால் தப்பாக எடுக்காதே. கொஞ்ச நாளைக்கு போன் வேண்டாம். கடிதம் எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அம்மா முகம் தெரிந்தும் தொட முடியாமல் இருப்பது ஆகவில்லை போல. கப்பலில் இருக்கும் உன் புருஷன், என் தம்பியிடமும் இதையே சொல்லிவிட்டேன். அவனுக்கு எந்தத் துறைமுகத்திலும் இறங்க அனுமதி இல்லையாம், நடுக்கடலிலேயே கிடக்கிறான்.

துர்கா நன்றாகச் சாப்பிடுகிறாள். கருப்பட்டிப் பணியாரம் என்றால் கணக்கே இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

மதினி
சீனித்தாய்


தூத்துக்குடி
2.7.2020

அன்புள்ள மதினிக்கு வணக்கம். நான் நலம். அண்ணனுக்குக் கால்வலி தேவலையா?

கடிதம் கண்டேன். நீங்கள் சொல்வது சரி. போனை நிறுத்திவிடுகிறேன். மறுபடி மேல் சுட்டால் சிரப் ஒரு மூடி கொடுங்கள், நெற்றியில் ஈரத்துணி போடுங்கள்.

நர்ஸுகள் எங்களைப் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்க வைத்திருக்கிறார்கள். எங்கள் மாப்பிள்ளையூரணி வீடு பூட்டியே கிடக்கிறது. ஏழு நாள் வார்டு, ஏழு நாள் அறைக்குள். வார்டில் அந்தப் பிளாஸ்டிக் சட்டையைப் போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, ஒன்றுக்குப் போக முடியாது. கழற்றினால் அது வீண், மாற்றுச் சட்டை கிடையாது. எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதால் முதுகில் மார்க்கரால் பேர் எழுதிக்கொள்கிறோம். என் முதுகில் பிளாரன்ஸ் எழுதுவாள், அவள் முதுகில் நான். பிளாரன்ஸ் என் அறைத்தோழி, கடற்கரைக்காரி. அவள் அப்பா சங்கு குளித்தவர். "எங்கப்பா மூச்சு முட்டி மேல வந்திருவாருளா, நாம எங்க போய் மேல வர?" என்பாள்.

ஆளுக்கு ஏழு மாஸ்க்தான் தந்திருக்கிறார்கள். திங்கள்கிழமை போட்டதைக் காகிதக் கவரில் போட்டுக் காயவைத்து அடுத்த முறை வார்டுக்குப் போகும் திங்களுக்கு எடுக்க வேண்டும். கவருக்கும் பஞ்சம். அண்ணன் கடையில் சீனி மடிக்கும் கவர் இருந்தால் ஒரு கட்டு அனுப்புங்கள்.

மூன்று மாதம் என்று சொல்லித்தான் துர்காவை விட்டு வந்தேன். செப்டம்பரில் கூட்டிப் போய்விடுவேன். அவளிடம் சொல்லுங்கள், அம்மா நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று.

அன்புடன்
செல்வராணி


எட்டயபுரம்
19.7.2020

அன்புள்ள செல்வராணிக்கு, எல்லோரும் சுகம், உன் சுகம் அறிய ஆவல்.

கவர் ஒரு கட்டு இல்லை, மூன்று கட்டு பார்சலில் வரும். ஒவ்வொரு கவரிலும் துர்கா படம் போட்டிருக்கிறாள். திங்களுக்கு மீன், செவ்வாய்க்குக் கப்பல், புதனுக்கு நான். என்னைக் குண்டாக வரைந்திருக்கிறாள், சிரிக்காதே. அவள் போட்டதைப் பார்த்து உன் அண்ணன், "கடைக்கு வார ஆளுக்கும் இந்தக் கவர்லயே சாமான் கொடுப்போமா?" என்கிறார்.

போனை நிறுத்தியதும் காய்ச்சல் நின்றுவிட்டது. உன் கடிதத்தை வாசித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ராத்திரி என் பக்கத்தில்தான் படுக்கிறாள். காலை என் வயிற்றில் போட்டால்தான் தூக்கம் வருகிறது அந்த மகாராணிக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சீனித்தாய்


தூத்துக்குடி
20.9.2020

அன்புள்ள மதினிக்கு, நலம். நீங்கள் மூவரும் நலமா?

இந்த மாதம் வர முடியாது. வேலை அதிகம். தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன். துர்காவுக்கு முத்தம்.

செல்வராணி


எட்டயபுரம்
29.9.2020

அன்புள்ள செல்வராணிக்கு, இங்கே சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

உன் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். வந்த கடிதத்தில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. யார் எழுதியது? உன் கைக்கு என்ன? இரண்டு மாதமாக ஒரு கடிதமும் இல்லாமல், வந்ததும் நாலு வரி. வேலை அதிகம் என்றால் நம்ப நான் என்ன பச்சைப் பிள்ளையா?

சரி, சொல்ல இஷ்டம் இல்லையென்றால் விடு. பிள்ளை செப்டம்பர் செப்டம்பர் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தீபாவளி என்று மாற்றிவிட்டேன். மிளகு ரசம் வைத்துக் குடி.

சீனித்தாய்


தூத்துக்குடி
17.11.2020

அன்புள்ள மதினிக்கு, பத்திரமாக வந்து சேர்ந்தேன். கட்டிக் கொடுத்த முறுக்கை வார்டில் எல்லோரும் தின்றோம். அண்ணனிடம் சொல்லாமல் கிளம்பியதற்கு மன்னிப்பு கேட்டதாகச் சொல்லுங்கள்.

தீபாவளி அன்றைக்கு நடந்ததை நேரில் பேச என்னால் முடியவில்லை. ஐந்தரை மாதம் கழித்து வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போதே துர்கா படியிலிருந்து குதித்து ஓடி வந்தாள். புதுக் கவுன், தலை நிறையப் பூ. நான் கையை நீட்டினேன். கட்டிக்கொள்ள நீட்டவில்லை, மதினி. தடுக்க நீட்டினேன். "அங்கனயே நில்லு! தொடாத!" என்று கத்தினேன். வார்டு வாசலில் நோயாளியின் சொந்தக்காரர்கள் ஓடி வரும்போது தினமும் அப்படித்தான் கத்துகிறேன். அதே கை, அதே குரல். நான் யோசிக்கவே இல்லை, அது தானாக வந்தது.

எனக்கு டெஸ்ட் எடுத்து, இல்லை என்று வந்த பிறகுதான் கிளம்பினேன். தொட்டிருக்கலாம். குளித்துவிட்டு வந்து எத்தனை தடவை கூப்பிட்டேன், உங்கள் சேலைக்குப் பின்னாலிருந்து அவள் வரவில்லை. சாயந்தரம் கிளம்பும்போது தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள், ரொம்ப மரியாதையாக.

அம்மா உன்னைத் திட்டவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். அது பழக்கத்தில் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. ஜனவரியில் வந்து கூட்டிப் போகிறேன்.

செல்வராணி


எட்டயபுரம்
24.1.2021

அன்புள்ள செல்வராணிக்கு, பொங்கல் நல்லபடியாக முடிந்தது. அம்மன் புண்ணியத்தில் ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடை வேலை, மழை, அது இது. துர்காவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. போனில் வகுப்பு நடக்கிறது. டீச்சர் முகத்தைப் பார்த்தால் கொட்டாவி விடுகிறாள்.

தீபாவளி விஷயத்தை விடு. பிள்ளை அன்றைக்கே மறந்துவிட்டது. உன்னைப் போன்ற நர்ஸுகளின் ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டிவிட்டார்கள் என்று உன் அண்ணன் பேப்பரில் பார்த்தார். நடுவில் விட்டால் வேலை நிரந்தரமாகாது, அதனால் நீ இரு. பள்ளிக்கூடமும் திறக்கவில்லை. ஜூன் வரை துர்கா இங்கேயே இருக்கட்டும். எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

சீனித்தாய்


தூத்துக்குடி
25.4.2021

அன்புள்ள மதினிக்கு வணக்கம். உயிரோடு இருக்கிறேன். வெளியே போனால் அண்ணனை இரண்டு மாஸ்க் போடச் சொல்லுங்கள்.

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எதை மறந்தாள் என்று கேட்கப் பயந்து இருந்துவிட்டேன்.

போன வருஷம் பார்த்தது ஒன்றுமே இல்லை, மதினி. வார்டில் நாற்பது பேருக்கு நானும் பிளாரன்ஸும். டாக்டர் மூன்று வார்டுக்கு ஒருவர். ஒரு சிலிண்டரிலிருந்து இரண்டு பேருக்குக் குழாய் பிரித்துக் கொடுக்கிறோம். அடுத்த சிலிண்டர் வந்தால் யாருக்கு என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவர், பேர் நேசக்குமார், "எனக்கு இப்ப கொஞ்சம் தேவல, அந்தப் பெரியவருக்கு வையிங்க சிஸ்டர்" என்றார். வைத்தேன். மத்தியானத்துக்குள் அவரே போய்விட்டார். அவர் மனைவி கேட்டாளே என்று அவருடைய செருப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. செருப்பு கிடைக்கவில்லை என்பதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

தூங்கினால் போகிற அசதியாக இது இல்லை. எழுந்திருக்கும்போதே அசதியாக எழுந்திருக்கிறேன். உங்கள் தம்பியும் இன்னும் கப்பலில்தான். ஜூனில் எப்படியும் துர்காவைக் கூட்டிக்கொள்வேன். அது ஒன்றை நினைத்துத்தான் காலையில் காலைக் கீழே வைக்கிறேன்.

செல்வராணி


எட்டயபுரம்
4.5.2021

அன்புள்ள செல்வராணிக்கு, துர்காவும் உன் அண்ணனும் சுகம். உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து மனசு சரியில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இங்கே உன் அண்ணனோடு நேற்றெல்லாம் சண்டை. கடைக்கு வந்திருக்கும் பெருங்காயம் அத்தனையும் போலி. சாம்பாரில் கட்டி கட்டியாகப் போட்டும் மணமே இல்லை. "நல்லாத்தான் மணக்கு, உனக்குத்தான் கோட்டி பிடிச்சிருக்கு" என்கிறார். இந்த வருஷம் வெயிலில் பிச்சிப்பூவும் அப்படித்தான், ஒரு பந்து வாங்கித் தலையில் வைத்தால் வெறும் இலையை வைத்தது மாதிரி இருக்கிறது. மாவு ஆட்டியதில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. படியேறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. வயசு நாற்பத்தாறு ஆகிறதே, போகட்டும்.

ஜூன் வந்தால் பார்க்கலாம். வகுப்பு திறக்கட்டும்.

சீனித்தாய்


தூத்துக்குடி
11.5.2021

மதினி,

இந்தச் சீட்டை பிளாரன்ஸ் கையில் கொடுத்து விடுகிறேன். நீங்கள் எங்கள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கிறீர்கள், நான் இரண்டாவது மாடியில். வார்டு மாறி வர எனக்கு அனுமதி இல்லை. இந்த வாரம் பிளாரன்ஸைக் கீழே மாற்றியிருக்கிறார்கள்; முதுகில் அந்தப் பேர் எழுதியிருப்பவள்தான் உங்களைப் பார்த்துக்கொள்வாள்.

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. பெருங்காயம் வரைக்கும் வாசித்ததுமே இது அந்த நோய்தான் என்று தெரிந்துவிட்டது. மணம் தெரியவில்லை, மூச்சு வாங்குகிறது என்று எழுதி, அதற்குப் பூவையும் வெயிலையும் திட்டியிருக்கிறீர்கள். அப்போதே போன் செய்தேன். துர்காதான் எடுத்தாள். பிறகு அண்ணனிடம் பேசி ஆம்புலன்ஸ் அனுப்பினேன்.

நேற்று வரைக்கும் வராந்தாவில் நாற்காலியில் வைத்துத்தான் ஆக்ஸிஜன் கொடுக்க முடிந்தது. இன்று கட்டில் கிடைத்திருக்கிறது. ஒருவர் போனதால் கிடைத்தது. இப்போது வேறு விதமாகக் கட்டில் காலியாவதில்லை. அதை நினைத்துக்கொண்டு படுக்காமல் இருந்துவிடாதீர்கள். குப்புறப் படுங்கள். மாஸ்க்கை எடுக்கக் கூடாது. துர்காவுக்கும் அண்ணனுக்கும் டெஸ்டில் இல்லை என்று வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜெயபாய் அக்காள் சமைத்துக் கொடுக்கிறார்கள்.

பதில் எழுத வேண்டாம். மூச்சை மிச்சம் பிடியுங்கள்.

செல்வராணி


எட்டயபுரம்
20.6.2021

அன்புள்ள செல்வராணிக்கு,

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. சுகம் என்று இப்போது எழுதினால் அது நீ கொடுத்த சுகம். நீ சுகமா?

பதினேழு நாள் அங்கே கிடந்தேன். வெள்ளைச் சட்டைகள் வரும், போகும். கண் மட்டும் தெரியும். ஒரு நாள் ஒரு சட்டை வந்து என் கால்மாட்டில் நின்று, போர்வையை இழுத்து என் பாதத்தை மூடிவிட்டுப் போனது. முதுகில் பேர் இல்லை. நீயாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கடிதத்தில்தான் சொல்ல முடிகிறது.

துர்காவுக்கு ஒரு நாளும் காய்ச்சல் வரவில்லை. இந்த வீட்டில் தெர்மாமீட்டரே கிடையாது, நூற்றியொன்றை நான் எதில் பார்த்தேன்? நீ போன் செய்தால் பிள்ளை நன்றாகத்தான் பேசுவாள். வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் வைக்கும் முன்னால், "அம்மா, என்னைய எப்ப கூட்டிட்டுப் போவ?" என்று கேட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. பத்தொன்பது வருஷம் இந்த வீட்டில் இரண்டு தட்டுதான் கழுவினேன். மூன்றாவது தட்டு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. போன் இல்லாவிட்டால் அவள் கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். செப்டம்பர் வரைக்கும் என்னிடம் கேட்டாள், பிறகு நினைத்தபடியே ஆயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது. தீபாவளிக்கு நீ கத்திவிட்டுப் போன பிறகு, உன் கடிதத்தில் அவளிடம் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரம் என்னை அத்தை என்பதை விட்டுவிட்டு அம்மா என்றாள். நான் திருத்தவில்லை. திருத்தாமல் இருந்தது மட்டும் இல்லை, சந்தோஷப்பட்டேன். ஊரெல்லாம் செத்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் இந்த வீட்டுக்குள் சந்தோஷமாக இருந்தேன், செல்வராணி. என்னைப் போல ஒரு பாவி உண்டா?

உன் பிள்ளையைக் கூட்டிப் போ. நான் குறுக்கே நிற்க மாட்டேன். என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதிவிட்டு வா, எழுதாமல் வந்தால் என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியாது.

சீனித்தாய்


தூத்துக்குடி
4.7.2021

அன்புள்ள மதினிக்கு வணக்கம். கூட்டம் குறைந்திருக்கிறது. நேற்று வார்டில் ஆறு பேர்தான். பிளாரன்ஸ் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மூச்சுப் பயிற்சியை விடாமல் செய்கிறீர்களா?

உங்களைத் திட்டி எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏனென்றால் எனக்குப் போன வருஷம் ஜூலையிலேயே தெரியும்.

கவர் பார்சல் வந்த அன்று கடை நம்பருக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "காய்ச்சலா? எந்தப் பிள்ளைக்கு?" என்றார். சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டேன். அன்றே உங்களோடு சண்டை போட்டிருக்கலாம். பஸ் இல்லாவிட்டாலும் நடந்தாவது வந்திருக்கலாம். நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, மதினி. அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் எனக்குக் குரலே இருக்காது. அந்த நேரத்தில் போனை எடுத்து, சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு, எப்போது வருவாய் என்று அவள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன பொய் எனக்கு லீவு கொடுத்தது. நான் அதை வாங்கிக்கொண்டேன். செப்டம்பரில் எனக்கே தொற்று வந்து பத்து நாள் படுத்திருந்தபோது, கடிதத்தை பிளாரன்ஸிடம் சொல்லி எழுத வைத்தேனே, அப்போதுகூட துர்காவிடம் பேச வேண்டும் என்று தோன்றவில்லை. பேசாமல் தூங்கலாம் என்றுதான் இருந்தது. பெற்ற தாய்க்கு இப்படித் தோன்றலாமா என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

மே மாதம் போன் செய்தபோது துர்கா எடுத்தாள் என்று எழுதினேன் அல்லவா? என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. "அம்மா படுத்திருக்காங்க, நீங்க யாரு?" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். "எங்க அம்மாவ நல்லா ஆக்கிருவீங்களா?" என்று கேட்டாள். ஆக்கிவிடுவேன் என்றேன். அதைச் செய்துவிட்டேன். பதின்மூன்று மாதத்தில் அவளுக்கு நான் சொன்ன வார்த்தைகளில் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமை வருகிறேன். கூட்டிப் போக வரவில்லை, அங்கேயே தங்க வருகிறேன். அதற்குப் பிறகு என்ன என்று அவளும் நீங்களும் நானும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். அவள் உங்களை அம்மா என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், என் முன்னால் திருத்தாதீர்கள்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். நான் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்காரும்போது, தாயும் பிள்ளையும் பேசட்டும் என்று நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். கூடவே இருங்கள். வார்டில் ஒரு நாளும் பயப்படாத எனக்கு, அந்தப் பிள்ளையோடு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

உங்கள்
செல்வராணி